ஆபரேஷனும் ஆணுறையும்: தமிழ்நாட்டில் கருத்தடையும் எச்.ஐ.வி. தடுப்பும் பிரிந்து நின்ற வரலாறு

கருத்தடை பற்றித் தமிழில் வெளிப்படையாகப் பேசத் தொடங்கி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆகிறது. 1920களின் இறுதியில் சென்னையில் இயங்கிய நியோ-மால்தூசியன் சங்கத்தில் நீதிபதி வேப்பா இராமேசம் போன்ற பெரிய மனிதர்கள் முன்னின்றார்கள். வறுமைக்கும் மக்கள்தொகைப் பெருக்கத்துக்கும் கருத்தடையே மருந்து என்பது அவர்கள் வாதம். அடுத்தடுத்த பிரசவங்களால் தாய்மார் நலிவதைக் கண்ட மருத்துவர்கள் வேறொரு காரணம் சொன்னார்கள். 1930-இல் 'குடி அரசு' இதழில் பெரியார் இவ்விரு காரணங்களிலிருந்தும் விலகி நின்றார். பெண் தன் விருப்பப்படி வாழப் பிள்ளைப்பேறு தடையாக இருக்கக் கூடாது என்பதே அவருடைய காரணம். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் 'கர்ப்பத்தடை' தனி அத்தியாயமாகவே இடம்பெற்றது.

நாட்டுக்காக, தாயின் உடலுக்காக, பெண்ணின் உரிமைக்காக என்று மூன்று காரணங்கள் அப்போதே நம் முன் இருந்தன. விடுதலைக்குப் பின் அரசு முதலாவதைக் கையில் எடுத்தது; இரண்டாவதைத் துணைக்கு வைத்துக்கொண்டது; மூன்றாவதை விட்டுவிட்டது. எச்.ஐ.வி. தமிழகக் குடும்பங்களுக்குள் நுழைந்த வழியைப் புரிந்துகொள்ள இந்தத் தேர்விலிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை 1952-இல் இந்தியா தொடங்கியது. சென்னை மாநிலம் ஒரு படி முன்னே சென்றது. 1950களின் பிற்பாதியில், கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசே பணம் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. அன்று அது பெரும்பாலும் ஆண்களுக்கான சிகிச்சை. 1968-இல் 'நிரோத்' ஆணுறை கடைகளுக்கு வந்தது. தேயிலை, சோப்பு விற்கும் பெரிய நிறுவனங்களின் விநியோக வலையைப் பயன்படுத்தி, மூன்று ஆணுறைகள் 15 பைசாவுக்குப் பெட்டிக்கடை வரை கொண்டுசெல்லப்பட்டன. நெருக்கடி நிலைக் காலத்தில் வடமாநிலங்களில் நடந்த கட்டாய அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு, ஆண்களுக்கான சிகிச்சை நாடெங்கும் சரிந்தது. சுமை முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது.

"ரெண்டு போதும், ஆபரேஷன் பண்ணியாச்சு" என்று தமிழ்ப் பெண்கள் இயல்பாகச் சொல்வதைப் பலரும் கேட்டிருப்பார்கள். இரண்டாவது பிரசவத்துக்காக அரசு மருத்துவமனையில் சேர்ந்த பெண், வீடு திரும்புவதற்குள் அந்தச் சிகிச்சையும் முடிந்துவிடும். 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டின் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள்) 1.8-க்கு இறங்கியிருந்தது. தாய்மார் இறப்பைக் குறைத்ததில் இதற்கும் பங்குண்டு. அந்தச் சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த முறைக்குக் கணவனும் மனைவியும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை. தன் உடலைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. ஆணுறைக்கோ ஒவ்வொரு முறையும் இருவரின் சம்மதம் வேண்டும், பேச்சு வேண்டும். அந்தப் பேச்சு பழகாமலே ஒரு தலைமுறை தாம்பத்தியம் நடத்தியது.

இந்நிலையில்தான் 1986 வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் பற்றி ஆய்வு செய்யச் சொன்னார். இந்தியர்களுக்கு அந்த நோய் வராது என்று பத்திரிகைகளும் மருத்துவர்களும் நம்பிய காலம் அது. அரசுப் பெண்கள் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடமிருந்து நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பிரித்தெடுத்த மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பாதுகாத்தார். சென்னையில் சோதனை வசதி இல்லாததால் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து, கணவரோடு ரயிலேறி வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஆறு மாதிரிகள், தொற்று இருப்பதன் அடையாளமாக, மஞ்சள் நிறமாக மாறின. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதையே உறுதி செய்தது. சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே செய்தியைச் சட்டப்பேரவையில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இப்படித்தான்.

கண்டுபிடித்த விதம் எவ்வளவு பெருமைக்குரியதோ, அதன் பின் நடந்தது அவ்வளவு வேதனைக்குரியது. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக்காலம் முடிந்த பிறகும் காப்பகங்களில் அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்தை நாடினார். 1990-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுவிக்க உத்தரவிட்டது. நோய் 'அந்தப் பெண்களுக்கு' உரியது என்ற எண்ணமோ அத்தீர்ப்போடு அகலவில்லை.

அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை அடுத்த சில ஆண்டுகளின் மருத்துவப் பதிவுகள் காட்டின. எச்.ஐ.வி. தொற்றுள்ளோருக்காகச் சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்துக்கு வந்த பெண்களைப் பற்றி 2000-இல் வெளியான ஆய்வின்படி, அவர்களில் பெரும்பாலோர் கணவனைத் தவிர வேறு யாரையும் அறியாத இல்லத்தரசிகள். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வட்டாரங்களில் லாரித் தொழில் வாரக்கணக்கில் ஆண்களை வீட்டைவிட்டு வெளியே வைத்திருந்தது. அவர்கள் திரும்பி வந்த வீடுகளில் ஆணுறை இல்லை. ஆபரேஷன் முடிந்த மனைவிக்கு அது எதற்கு? குடும்பநலத் துறை சொல்லிக்கொடுத்த கணக்குப்படி அது தேவையற்ற பொருள். கருவைத் தடுத்த சிகிச்சை கிருமியைத் தடுக்காது என்பதை அவளிடம் சொல்ல வேண்டிய செவிலியர் இன்னொரு துறையில் இருந்தார். ஆபரேஷனுக்கு முன்பே தொற்று ஏற்பட்டிருந்தால், கர்ப்பகாலச் சோதனையில் முதலில் தெரியவந்தது அவளுடைய நிலைதான், கணவனுடையது பிறகு. அதனால் பழியும் அவள் மேல் முதலில் விழுந்தது. 1998-இல் சென்னையில், தொற்றுக்குள்ளான கௌசல்யாவும் தோழியரும் தொற்றுள்ள பெண்களுக்கென்றே தனி அமைப்பைத் தொடங்கியதன் பின்னணி இதுவே.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. 1994-இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. பிற மாநிலங்கள் அந்த அமைப்பு முறையைப் பின்னர் பின்பற்றின. தாம்பரம் சானடோரியம் காசநோய் மருத்துவமனை, வேறெங்கும் சேர்த்துக்கொள்ளாத நோயாளிகளுக்குப் படுக்கை கொடுத்தது. 1995 முதல் தன்னார்வச் சுகாதார சேவை நிறுவனத்தின் வழியாக நடந்த ஏபேக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் போனது. அவர்களில் ஒருவரே மற்றவரிடம் பேசும் முறை பலன் தந்தது. 2003 வாக்கில் சுவர்களில், புள்ளிராஜா என்ற கற்பனை ஆணைப் பற்றி, 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற கேள்வி முளைத்தது. மும்பையில் பல்பீர் பாஷா பெயரில் நடந்த விளம்பரத்தின் தமிழ் வடிவம் அது. டீக்கடையில் ஆணுறை பற்றிப் பேசவைத்த முதல் விளம்பரம் என்றே அதைச் சொல்லலாம். தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடையே தொற்று 2000-இல் 1.7 சதவீதமாக இருந்து 2004-இல் 1.1 சதவீதமாகக் குறைந்ததை 'லான்செட்' இதழ் 2006-இல் வெளியிட்டது. ஆண்கள் வெளியே பாதுகாப்போடு நடந்ததன் பயன் வீட்டுக்குள்ளும் எட்டியிருக்கிறது.

ஆனாலும் புள்ளிராஜாவின் மனைவிக்கென்று ஒரு சுவரொட்டி வரவில்லை. திருமணமாகாத இளம்பெண்ணுக்கும் வரவில்லை. 2005-இல் நடிகை குஷ்பு ஒரு பத்திரிகையில், திருமணத்துக்கு முன் உறவு கொள்ளும் பெண்கள் கர்ப்பத்திலிருந்தும் நோயிலிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் கருத்துச் சொன்னார். மருத்துவர் சொன்னால் அறிவுரையாக ஏற்றுக்கொள்ளும் செய்திதான் அது. துடைப்பமும் செருப்பும் ஏந்திய போராட்டங்கள் நடந்தன; இருபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் பாய்ந்தன. 2010-இல் உச்ச நீதிமன்றம் அவற்றைத் தள்ளுபடி செய்தது. இதே ஆண்டுகளில் பாலியல் கல்வியை உள்ளடக்கிய மத்திய அரசின் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை மகாராஷ்டிரம், கர்நாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் நிறுத்திவைத்தன. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று மாநிலங்களவை மனுக்கள் குழு 2009-இல் பரிந்துரைத்தது. கருத்தடையையும் நோய்த்தடுப்பையும் ஒரே மூச்சில், அதுவும் ஒரு பெண், இளம்பெண்களை நோக்கிப் பேசியதைத்தான் அன்று தமிழ்ச் சமூகம் பொறுக்கவில்லை என்று கருதுகிறேன். துறைகள் பிரித்துவைத்த இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

அந்தப் பிரிவு பாடநூலிலும் தெரிகிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மனித இனப்பெருக்கம் ஒரு பாடத்தில் வருகிறது; எய்ட்ஸ் சில பாடங்கள் தள்ளி, புகையிலை, சர்க்கரை நோய், புற்றுநோய் ஆகியவற்றின் வரிசையில் வருகிறது. இரண்டும் இணைவது பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில்: கருத்தடை முறைகளும் பால்வினை நோய்களும் இனப்பெருக்க நலம் பற்றிய ஒரே பாடத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. வணிகவியல் பிரிவில் சேர்ந்த மாணவிக்கும், பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி மில் வேலைக்குப் போனவளுக்கும் அந்தப் பாடம் கிடையாது.