மாதிரியும் உழைப்பும்: பெரும் மென்பொருளாக்கத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மலையகத் தோட்டங்களின் வரலாற்றை ஆராய்வோர் செக்ரோலைக் கூலிக் கணக்கேடாகவே பெரும்பாலும் கொள்வர். உண்மையில் அஃது அதனினும் மேலானது. ஹோர்ட்டன் சமவெளியை அடுத்துள்ள டயகமவிலே பனியிலும் மழையிலும் அட்டைக்கடியிலும் சரிவேறிக் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியின் நாள் முழுவதும் அவ்வேட்டிலே ஒரு 'பேர்' ஆகச் சுருங்கிவிடுகின்றது. விதித்த நிறை குறையின் அது 'அரைப்பேர்' ஆகும். மலையின் சரிவுக்கும் செடியின் வயதுக்கும் அங்கு இடமில்லை. இவ்வகையில் செக்ரோல் உழைப்பின் ஒரு மாதிரியாகும். அதாவது, யதார்த்தத்திற் சிலவற்றைத் தெரிந்து, பலவற்றை விலக்கி, எஞ்சியதைக் கொண்டு உழைப்பை ஆளும் வடிவம். சில தோட்டங்களில் இன்று இலத்திரனியல் தராசும் கணினிக் கணக்கும் புகுந்துள்ளமையால், மென்பொருளாக்கத்தில் மாதிரி பெறும் இடத்தை வரலாற்று நோக்கில் ஆராய்வது நமக்குப் புறம்பான பணியன்று.

1968ஆம் ஆண்டு ஜேர்மனியின் கார்மிஷ் நகரில், நேட்டோ இராணுவக் கூட்டின் அனுசரணையுடன் ஒரு மகாநாடு கூடிற்று. பெரும் மென்பொருட்கள் காலந்தாழ்த்தியும் செலவு மிகுந்தும் பிழை மலிந்தும் உருவாவதே அங்கு விவாதப் பொருளாயிற்று. 'மென்பொருட் பொறியியல்' என்னும் தொடர் பரவலான வழக்குப் பெற்றதும் அம்மகாநாட்டை ஒட்டியே. அந்நெருக்கடிக்குத் தீர்வு தேடிய முயற்சிகளுள் ஒன்றே மாதிரிவழி ஆக்கம். பொருளாக்கத்திற்கான பொது நியமங்களை வகுக்கும் ஒப்ஜெக்ட் மனேஜ்மென்ட் குறூப் 1997இல் ஒருங்கிணைந்த மாதிரியாக்க மொழியை ஏற்றது. 2001இல் மாதிரிவழிக் கட்டமைப்பு என்ற கோட்பாட்டை முன்வைத்தது. வரைபடம் இனி வெறும் விளக்கமன்று. அதிலிருந்தே கருவியொன்று நிரலைப் பிறப்பிக்கும் என்பது அதன் சாரம்.

இம்முயற்சி பயன் தந்ததா? நமது பிராந்தியத்திலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 1981இல் புனேயில் நிறுவிய ஆய்வு நிலையத்தில் வினய் குல்கர்ணி, ஸ்ரீதர் ரெட்டி ஆகியோர் மாதிரிகளிலிருந்து நிரல் பிறப்பிக்கும் கருவிகளை உருவாக்கினர். திரை, வணிக விதி, தரவுத்தளம் ஆகிய அடுக்குகள் தனித்தனியே மாதிரியாக்கப்பட்டன. ஒரே தன்மையான வேலை ஆயிரமாயிரம் முறை மீளும் பெருந்திட்டங்களில் இதன் பயன் வெளிப்படை. தொழினுட்பத் தளம் மாறியபோதும் மாதிரி அழியவில்லை. ஆயினும், திட்டத்திற்குத் திட்டம் தேவை வேறுபட்டமையால் நிரல் பிறப்பிக்கும் கருவிகளையே திரும்பத் திரும்ப மாற்றவேண்டி நேர்ந்தது. நிரலில் மிச்சமான உழைப்பின் ஒரு பகுதி கருவியிற் செலவாயிற்று. இலங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் வெளியிட்ட கள ஆய்வும் இதனோடு ஒத்துச் செல்வது. வெற்றி தோல்வியை நிர்ணயிப்பதில் நிறுவன அமைப்பும் பயிற்சியும் படிப்படியான ஏற்பும் கருவிக்கு நிகரான பங்கு வகிப்பதை அது காட்டிற்று. மென்பொருளின் இயல்பான சிக்கலை எந்த ஒரு கருவியும் மந்திரம்போல் அகற்றாது என பிரெட் புரூக்ஸ் 1986இலேயே வாதிட்டிருந்தமையும் மனங்கொளத்தக்கது.

இதனை உழைப்பின் வரலாற்றோடு இணைத்து நோக்குதல் வேண்டும். சிந்தனையைச் செயலிலிருந்து பிரித்து, முன்னதை நிர்வாகத்தின் உடைமையாக்குவது முதலாளித்துவ உற்பத்தியின் போக்கு என ஹரி பிரேவர்மன் 1974இல் எழுதினார். 1977இல் பிலிப் கிராப்ட் அதே நோக்கை நிரலாளரின் தொழிலுக்குப் பொருத்தினார். எனினும் இக்கருத்தை யாந்திரிகமாகப் பிரயோகித்தல் தவறாகும். மாதிரி வரைபவரும் திறன்மிக்க உழைப்பாளியே. மாதிரியை ஓயாது திருத்துவதும் களத்து அறிவே. துரையின் திட்டம் மலையில் நிறைவேறியது கணக்கப்பிள்ளையும் கொழுந்தெடுப்போரும் அதனை அன்றாடம் சரிக்கட்டியமையாலன்றோ?

இதற்கு மாறான ஒரு மரபும் வரலாற்றில் உண்டு. நோர்வேயில் ஒலே-யொஹான் டாலுடன் இணைந்து சிமுலா மொழியை உருவாக்கியவர் கிறிஸ்டன் நைகார்ட். பொருள்நோக்கு மாதிரியாக்கம் முழுவதற்கும் ஊற்று அம்மொழியே. அதே நைகார்ட் 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு பணியாற்றினார். தம் தொழிற்சாலைக்கு வரும் கணினி அமைப்பைத் தொழிலாளர் தாமே ஆராய்ந்து பேரம்பேச வழிகோலினார். மாதிரியாக்கமும் தொழிற்சங்க உணர்வும் ஒரே மனிதரிடம் இணைந்திருந்தமை நமக்கு ஒரு படிப்பினை.

மீண்டும் கொழுந்து மடுவத்துக்கு வருவோம். சாக்கின் நிறைக்கும் இலையின் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படும் கிலோக்கள் தோட்டங்களில் நெடுங்கால முரண்பாடு. கணக்கப்பிள்ளை கழித்தபோது அவரோடு வாதாடலாம். சங்கத் தலைவரை அழைக்கலாம். அக்கழிவு மாதிரியில் ஒரு விதியாக எழுதப்பட்டு நிரலாகிவிட்டால், தராசு எண்ணை மட்டுமே காட்டும். மாதிரிவழி ஆக்கத்தின் ஆதரவாளர், மாதிரி நிரலைவிட எளிதிற் படிக்கத்தக்கது, துறைசார்ந்தோரும் அதனை விளங்கிக்கொள்ளலாம் என்பர். அக்கூற்றை நாம் ஏற்கிறோம். ஏற்பதனாலேயே ஒரு கோரிக்கையையும் முன்வைக்கிறோம். கூலியைக் கணிக்கும் விதிகள் தமிழில், தொழிலாளர் படித்து மறுக்கக்கூடிய வடிவில், கூட்டு ஒப்பந்தப் பேச்சின்போது மேசைமீது வைக்கப்படல் வேண்டும். இன்று கணினி கற்கும் மலையக இளைஞர், தம் தாய்மாரின் நாளை அளக்கும் அவ்விதிகளை வாசித்துச் சொல்ல முன்வருவாராயின், அக்கல்வி அவரது வேலைவாய்ப்புக்கு அப்பாலும் பயன்படும்.