ஓ.சீ.பி.யும் நேர்முகமும்: கல்முனைக் கரையிலிருந்து தரவுத்தள வேலைக்குப் போகும் இரு வழிகள்

கட்டாரில் இருக்கும் காக்கா வட்ஸ்அப்பில் சொல்லியனுப்புவார்: “தம்பி, ஓ.சீ.பி. ஒண்டு செஞ்சிட்டு சீவிய அனுப்பு.” கொழும்பில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் கூட்டாளி வேறு கதை சொல்வான்: “சேர்ட்டிபிகேட்டெல்லாம் பிறகு பாக்கலாம் மச்சான், கேட்டா சொல்லத் தெரியணும்.” கிழக்கிலங்கையில் கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை, தரவுத்தளத் துறையில் வேலை தேடும் பிள்ளைகள் இந்த இரண்டு புத்திமதிகளுக்கும் நடுவில் நிற்கிறார்கள். இரண்டு புத்திமதிகளும் சரியானவைதான். ஆனால் ஒன்றுக்குப் படித்தால் மற்றதற்கும் படித்ததாகிவிடும் என்று நம்பி, பணத்தையும் மாதங்களையும் இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை.

இந்தக் கரையில் படிப்புக்குக் குறைவில்லை. மர்ஹூம் அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995இல் தொடங்கி, இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகிறது. உயர் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்றும் அதே ஊரில் இருக்கிறது. பாடம் இங்கே கிடைக்கிறது. வேலை கொழும்பிலும் வளைகுடாவிலும் கிடைக்கிறது. அந்தத் தூரத்து வாசலில் என்ன கேட்பார்கள் என்பதைச் சொல்லித்தரத்தான் ஆள் போதாது.

சான்றிதழை முதலில் பார்ப்போம். ஒரக்கிள் தரவுத்தளத்தின் 19சீ பதிப்புக்கான ஓ.சீ.பி. (ஒரக்கிள் சேர்ட்டிபைட் புரொபெஷனல்) எடுக்க, நிர்வாகம் தொடர்பாக இரண்டு பரீட்சைகள் எழுத வேண்டும். எந்தெந்தத் தலைப்பில் கேள்வி வரும் என்பதை நிறுவனமே முன்கூட்டி வெளியிடுகிறது. தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தெரிவுசெய்தால் போதும். ஏ.எல். காலத்தில் கடந்தகால வினாத்தாள்களைக் கரைத்துக் குடித்த நம் பிள்ளைகளுக்கு இது பழகிய களம். அந்தப் பழக்கமே சிலரை ‘டம்ப்’ பக்கம் இழுத்தும் விடுகிறது. களவாக வெளிவந்த கேள்விகளை மனனம் செய்து எழுதியது தெரியவந்தால் ஒரக்கிளும் சரி, மைக்ரோசொப்டும் சரி, சான்றிதழையே ரத்துச் செய்துவிடும்.

செலவு இன்னொரு பாரம். ஓர் ஒரக்கிள் பரீட்சையின் பட்டியல் விலை நெடுங்காலமாக 245 அமெரிக்க டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்தபோது அது 49,000 ரூபா. இரண்டு மாதம் கழித்து டொலர் 360ஐத் தொட்டபோது 88,200. அதே பாடம், அதே பரீட்சை, ஆனால் எத்தனையோ வாப்பாமாருக்கு எட்டாத தொகை. கொழும்புப் பரீட்சை நிலையத்துக்குப் போவதென்றால் இரவு பஸ். வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம்தான். ஆனால் அறையில் வேறு எவரும் இருக்கக்கூடாது, நடுவில் யாரும் உள்ளே வரக்கூடாது, இணைப்பும் அறுந்துவிடக்கூடாது. சுவரோடு சுவர் ஒட்டிய சாய்ந்தமருது வீடுகளில் இது இலேசான காரியமில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் வெட்டப்பட்ட நாடு இது. பதிவு செய்யும்போது பெயரிலும் கவனம் வேண்டும். நம் பெயர்களுக்கு முன்னால் மூன்று நான்கு முதலெழுத்துகள் நிற்கும். கடவுச்சீட்டில் அவை விரிந்து கிடக்கும். பதிவில் கொடுத்த பெயரும் அடையாள ஆவணத்தின் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பரீட்சைக்கு உட்காரவே விடமாட்டார்கள்.

நேர்முகத்துக்குக் கட்டணம் இல்லை, பாடத்திட்டமும் இல்லை. அங்கே என்ன சோதிக்கப்படுகிறது என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். மருதமுனைக் கைத்தறி முதலாளி ஒருவரின் கணக்கைத் தரவுத்தளமாக்குவதாக வைத்துக்கொள்வோம். நெசவாளர்களுக்கு ஓர் அட்டவணை, இந்த மாதம் கொடுத்த கூலிக்கு ஓர் அட்டவணை. “இந்த மாதம் கூலி வாங்காத நெசவாளர்கள் யார்?” என்பது கேள்வி. பலர் தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் ‘நொட் இன்’ போட்டு எழுதுவார்கள்: கூலி அட்டவணையில் இல்லாத நெசவாளர் இலக்கங்களைக் கொண்டுவா. சரியாகத்தான் தெரிகிறது. அப்போது எதிரில் இருப்பவர் ஒன்றைச் சேர்ப்பார்: கூலி அட்டவணையின் ஒரே ஒரு வரியில் நெசவாளர் இலக்கம் எழுதப்படாமல் வெறுமையாகக் கிடக்கிறது, இப்போது என்ன வரும்?

ஒருவர் பெயரும் வராது. அந்த வெற்றிடத்தை எஸ்கியூஎல் ‘நல்’ என்கிறது. ‘தெரியாது’ என்பதே அதன் நிலை. பத்தாம் இலக்க நெசவாளர் அந்த வெற்றிடத்துக்கு உரியவரா என்று கேட்டால் தரவுத்தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது. உறுதியில்லாத வரியை அது தரவும் தராது. ‘நொட் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மாற்றி எழுதினால் பெயர்கள் வந்துவிடும். பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், கூலி கிடைக்காத அத்தனை பேரையும் ஓர் அறிக்கை மறைத்துவிடுகிறது என்பதுதான் இதில் எனக்குப் பெரிதாகப் படுவது. அதை உணர்ந்து, ஏன் என்று வாய்விட்டு விளக்கக்கூடியவரையே வேலைக்கு எடுக்கிறார்கள்.

ஒரே கேள்வி இரண்டு இடத்திலும் வந்தால்? வரிகளை அழிக்கும் ‘டிலீட்’டுக்கும் அட்டவணையை ஒரேயடியாக வெறுமையாக்கும் ‘ட்ரங்கேட்’டுக்கும் உள்ள வித்தியாசம் கேட்கப்படாத நேர்முகம் குறைவு. “ட்ரங்கேட் செய்தால் ரோல்பேக் செய்து பழையபடி மீட்க முடியாது” என்று எல்லோரும் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரக்கிளில் அது உண்மை. ஒரக்கிள் பரீட்சையில் புள்ளியும் கிடைக்கும். ஆனால் மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேர்வரிலும் போஸ்ட்கிரெஸ்ஸிலும் டிரான்ஸாக்‌ஷனுக்குள் செய்த ட்ரங்கேட்டை ரோல்பேக் செய்யலாம். “எந்தத் தரவுத்தளத்தில், சேர்?” என்று திருப்பிக் கேட்பவரின் பதில்தான் நேர்முகத்தில் நிற்கும். பரீட்சைத் தாளில் அப்படித் திருப்பிக் கேட்க இடமில்லை.

இதனால் சான்றிதழ்ப் படிப்பைக் குறைத்து மதிப்பிடுவது அநியாயம். தானாகப் படிப்பவர்கள் விரும்பியதையே படிப்பார்கள். காப்புப்பிரதி எடுப்பது, மீட்பது, பயனர் உரிமைகள் என்றதும் நழுவிவிடுவார்கள். ஓ.சீ.பி. அவற்றைத் தாண்டிப் போக விடாது. மாற்றப் பதிவுகளைச் சேமித்துவைக்கும் ‘ஆர்க்கைவ்லொக்’ முறையில் ஓடாத ஒரக்கிள் தரவுத்தளத்தின் கோப்புகள் கெட்டுப்போனால், கடைசியாக எடுத்த காப்புப்பிரதி வரைதான் பொதுவாகத் திரும்பிப் போக முடியும். அதற்குப் பிறகு நடந்த கொடுக்கல் வாங்கல் போனது போனதுதான். ஒரு வங்கியில் இதன் பொருள் என்ன என்பதை நேர்முகத்துக்கு மட்டும் படித்தவர்கள் பலர் யோசித்தே இருக்கமாட்டார்கள்.

ஆயுளிலும் இரண்டும் வேறு. தொடர்பு மாதிரியை (ரிலேஷனல் மொடல்) ஐ.பி.எம்.மின் ஈ.எஃப். கொட் கட்டுரையாக வெளியிட்டது 1970இல். இன்றைய நேர்முகக் கேள்விகளில் பெரும்பகுதி அதன் மீதே நிற்கிறது. மைக்ரோசொப்டின் எம்.சி.எஸ்.ஏ. சான்றிதழோ 2021 ஜனவரி 31உடன் நிறுத்தப்பட்டது. இன்று அதன் இடத்தில் இருக்கும் அஷூர் எஸ்கியூஎல் சான்றிதழை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும்.

ஆகவே வரிசைதான் முக்கியம் என்கிறேன். முதலில் நேர்முகத்துக்கான படிப்பு. போஸ்ட்கிரெஸ் இலவசம், ஒரக்கிளுக்கும் இலவசப் பதிப்பு உண்டு. புத்தகத்து ‘மாணவர், பாடநெறி’ அட்டவணையை விட்டுவிட்டு, தெரிந்த கடையின், தறியின், நெல் ஆலையின் கணக்கைத் தரவுத்தளமாக்குங்கள். அதை ஆங்கிலத்தில் இன்னொருவருக்கு உரக்க விளக்குங்கள். நம்மவர் பலரை அறிவுக் குறைவு கவிழ்ப்பதில்லை. விரிவுரையை ஆங்கிலத்தில் கேட்டு, பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு தடவையும் ஆங்கிலத்தில் பேசாமல் பட்டம் பெறுவதே கவிழ்க்கிறது. எந்த நாடு, எந்தத் தரவுத்தளம் என்பது தெளிவான பிறகு சான்றிதழுக்குப் பணம் கட்டலாம். வளைகுடாவில் ஆள் எடுப்பவர் சீவியில் ஓ.சீ.பி.யைத் தேடுகிறார் என்றால், அப்போது அது வீண் செலவாகாது.

ஒரு சாராருக்கு மட்டும் இந்த வரிசை மாறலாம். பட்டம் முடித்தும் ஊரைவிட்டுப் போக முடியாத நம் பெண்பிள்ளைகளில் பலர் வீட்டிலிருந்தே தொலைவேலை தேடுகிறார்கள். முகம் தெரியாத வெளிநாட்டு நிறுவனம் இவர்களை நம்பி நேர்முகத்துக்கு அழைக்கவே ஒரு சான்றிதழ் உதவும்; அவர்கள் அதை முதலில் எடுப்பதில் பிழையில்லை. பரீட்சையும் நேர்முகமும் அவர்களுக்குத் திரையில்தான் நடக்கின்றன. ஒலுவிலிலோ சம்மாந்துறையிலோ, கல்முனைப் பொது நூலகத்திலோ, ஜெனரேட்டரும் அறுந்துபோகாத இணைப்பும் கதவை மூடி உட்காரக்கூடிய ஓர் அறையும் முன்பதிவுக்குக் கிடைத்தால் இரண்டுக்கும் பயன்படும். அதைக் கேட்டு எழுதவேண்டியவர்கள் பழைய மாணவர் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும்தான்.