லொறி விபத்தில் உயிர் போனால் தவறு யாருடையது?

எங்கள் பள்ளிவாசலின் ஜனாஸாக் குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். விபத்தில் மரணித்தவரைப் பொறுப்பேற்கப் பிணவறை வாசலில் நிற்கும் போதெல்லாம் இரண்டு பேச்சுக்கள் காதில் விழும். ஒன்று, "பெரிய வாகனக்காரன்தான் குற்றவாளி." மற்றது, "எல்லாம் கத்ர், இனிப் பேசி என்ன பயன்?" முதலாவது சட்டமல்ல. இரண்டாவது பொறுமைக்குரிய வார்த்தை. விசாரணையைக் கைவிடுவதற்கான காரணமல்ல.

இத்தகைய மரணங்களில் சாரதிமீது வழமையாகச் சுமத்தப்படுவது தண்டனைச் சட்டக் கோவையின் 298ஆம் பிரிவு. அசட்டையாலோ கவனயீனத்தாலோ மரணம் விளைவித்தால் 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இங்கே வாகனத்தின் அளவு கேள்வியல்ல. நிதானமுள்ள ஒரு சாரதி அந்த இடத்தில் எப்படி ஓட்டியிருப்பார் என்பதே கேள்வி.

அதற்கு விடை சொல்வது வீதியும் வாகனமும் உடலும்தான். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் லொறி ஒரு செக்கனில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் எடுத்தால், பிரேக் பிடிக்கும் முன்பே 25 மீற்றர் போய்விடும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். "திடீரெனக் குறுக்கே வந்தார்" என்ற வாக்குமூலத்தை டயர் அடையாளம், கண்ணாடித் துண்டுகள் சிதறிய இடம், சாரதிக்குப் பார்வை எட்டிய தூரம் ஆகியவற்றோடு ஒப்பிட்டே எடைபோட வேண்டும். ஒரு மழை போதும், அவற்றில் பாதி அழிந்துவிடும்.

பிரேக், ஸ்டியரிங், டயர் ஆகியவற்றை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்வையிடுவார். தேய்ந்த டயரோடும் பழுதான பிரேக்கோடும் லொறியை வீதிக்கு அனுப்பியிருந்தால் உரிமையாளரும் பதில் சொல்ல வேண்டும். காயங்கள் இருக்கும் இடம், மோதிய திசையையும் சில்லு ஏறியதா என்பதையும் காட்டக்கூடும். அடக்கத்துக்கு அவசரப்பட்டு, "பிரேதப் பரிசோதனை வேண்டாம், ஜனாஸாவைத் தாருங்கள்" என்று நாமே மன்றாடியிருக்கிறோம். சில மணி நேரம் பொறுத்திருந்தால் அந்தச் சாட்சியம் மிஞ்சியிருக்கும்.

நீதவான் நீதிமன்ற வழக்கு முடிந்தால் எல்லாம் முடிந்தது என்பது இன்னொரு தப்பெண்ணம். அங்கே குற்றம் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்பட வேண்டும். மாவட்ட நீதிமன்றத்தில் தங்கிவாழ்வோர் தொடுக்கும் நட்டஈட்டு வழக்கில், எது கூடுதலாக நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதே அளவுகோல். சாரதி விடுதலையானாலும் அந்தக் கதவு மூடுவதில்லை. மரணித்தவரிடமும் தவறிருந்தால், உதாரணமாக இரவில் விளக்கில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டியிருந்தால், பொறுப்பு பங்கிடப்படும்.

ஆனால் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி அந்த வழக்கை 2 வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மனைவி 4 மாதமும் 10 நாளும் இத்தாவில் இருந்தார். பிறகு, "பொலிஸ் வழக்கு முடியட்டும்" என்று மச்சான்மார் காத்திருந்தனர். அது முடிந்தபோது 2 வருடம் தாண்டியிருந்தது. லொறிக்கு மூன்றாந் தரப்புக் காப்புறுதி இருந்தும் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை.

ஆகவே குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது ஊர் செய்ய வேண்டியவை சில உள்ளன:

• 119, 1990 இலக்கங்களுக்கு அழைத்தபின், வாகனங்களை நகர்த்துமுன் படமெடுங்கள்.
• பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு அழியுமுன் அதைப் பாதுகாக்கும்படி பொலிஸாரிடம் கேளுங்கள்.
• கண்டவர்களின் பெயர், தொலைபேசி இலக்கங்களைக் குறியுங்கள்.
• லொறியின் இலக்கத்தையும் காப்புறுதி விபரத்தையும் எடுங்கள்.
• ஜனாஸா வீட்டில் நீட்டப்படும் எந்தக் கடதாசியிலும் சட்டத்தரணி பார்க்காமல் கையொப்பமிட விடாதீர்கள்.
• சாரதிமீது கை வைக்காதீர்கள். அவர் குற்றவாளியா என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

மன்னிப்பது குடும்பத்தின் உரிமை. ஆனால் எதை மன்னிக்கிறோம் என்பதை அறிந்த பின்னர் மன்னிப்பதே மன்னிப்பு.