பாசி தின்னும் மீன் வாங்குமுன்: யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கு எது பொருந்தும்?

நீர்த்தாவரங்கள் வளரும் கண்ணாடித் தொட்டியில் பாசி பிடித்துவிட்டது என்று மீன் கடையில் சொன்னால், கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஒரு டேங்க் கிளீனர் வாங்கி விடுங்கோ." விரல் நீளக் குஞ்சாக விற்கப்படும் அந்த மீன் ஓர் அடியையும் தாண்டி வளரும். வளர வளரப் பாசியில் அதற்கு நாட்டம் குறையும். செடிகளை வேரோடு கிளப்பும், அகன்ற இலைகளைச் சுரண்டும்.

செடிக்குக் கேடு செய்யாமல் பாசியைத் தின்னும் மீன் எது, எங்கள் தண்ணீரில் அது தாக்குப்பிடிக்குமா என்று கீரிமலைப் பக்கம் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்டார்கள். அதற்காகத் தொகுத்ததே இக்குறிப்பு. இரண்டாவது கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் தண்ணீர்

யாழ். குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் சேர்கிறது. வலிகாமத்தின் நிலத்தடி நீர் கடலோரத்தில் வெளியே வரும் இடமே கீரிமலைக் கேணி. சுண்ணக்கல்லின் ஊடாக வருவதால் எங்கள் கிணற்று நீர் வன்னீர், காரத்தன்மையும் கொண்டது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி.

இதோடு நைத்திரேற்றும் சேர்கிறது. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது கிணறுகளுக்குள் கசிகிறது. குடிநீருக்கான எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்தின் பல கிணறுகளில் அது மீறப்பட்டிருப்பது நீண்டகாலமாக ஆய்வுகளில் பதிவாகி வருகிறது. பயிருக்குப் பசளையானது பாசிக்கும் பசளைதான். அத்தகைய கிணற்று நீரால் தொட்டித் தண்ணீரை மாற்றும் ஒவ்வொரு முறையும் பாசிக்கு உணவு ஊற்றுகிறோம்.

பொருந்தும் மீன்கள்

மொலி: எங்கள் தண்ணீருக்கு முதல் தெரிவு. வன்னீரையே விரும்பும், சற்று உவரானாலும் தாங்கும். இலைகளிலும் கண்ணாடியிலும் படியும் மெல்லிய பாசியையும் நூல் பாசியையும் நாள் முழுதும் கொறிக்கும். விரைவாகப் பெருகும் என்பதே சிக்கல். ஆண் மீன்களை மட்டும் வாங்கினால் அது தீரும்.

பிரிஸ்டில்நோஸ்: டேங்க் கிளீனரின் இனத்தது, ஆனால் 12 முதல் 15 சென்ரிமீற்றரோடு நின்றுவிடும். வளர்ந்த ஆணின் மூக்கில் மீசைபோல் முட்கள் இருக்கும். வன்னீருக்கு மெல்லப் பழகிவிடும். சுரண்டுவதற்கு ஒரு மரத்துண்டு வைக்க வேண்டும். பட்டினி கிடந்தால் மட்டும் அகன்ற இலைகளில் கைவைக்கும்; வெள்ளரித் துண்டு போட்டால் போதும்.

சயாமீஸ் அல்ஜி ஈட்டர்: கறுப்புத் தாடிப் பாசியைத் தின்னும் மிகச் சில மீன்களில் ஒன்று. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் வளரும், துள்ளிப் பாயும். நீளமான, மூடியுள்ள தொட்டி வேண்டும்.

ஒட்டோசின்குளஸ்: 4 சென்ரிமீற்றர்தான். செடிக்கு இதைப்போலச் சாதுவான மீன் இல்லை. கபில நிறப் பாசியை நன்றாகத் துடைக்கும். ஆனால் தென்னமெரிக்க மென்னீர் மீன். பெரும்பாலும் காட்டு நீர்நிலைகளில் பிடிக்கப்பட்டு, வழியில் பட்டினி கிடந்து வருவது. கிணற்று நீரை மட்டும் நம்பியிருப்பவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது.

பெயரில் ஏமாறாதீர்கள்

சயாமீஸ் என்ற பெயரில் வேறு மீன்களும் விற்கப்படுகின்றன. உண்மையான சயாமீஸில் கறுப்புக் கோடு வாலின் நுனிவரை ஓடும், துடுப்புகள் நிறமற்றவை. துடுப்புகளில் கறுப்பும் வெள்ளையும் தெரிந்தால் அது ஃபிளையிங் ஃபொக்ஸ். தன்னிடத்துக்கு வரும் மீன்களைத் துரத்தும். உறிஞ்சும் வாயோடு கண்ணாடியில் ஒட்டினால் அது சைனீஸ் அல்ஜி ஈட்டர். இது பெரிதானதும் மற்ற மீன்களின் உடலில் ஒட்டி அவற்றின் மேற்படலத்தை உறிஞ்சும். பொன்மீன், திலாப்பியா, சில்வர் டொலர் மூன்றும் செடிகளையே தின்பவை.

100 லீற்றர் தொட்டிக்கு ஐந்தாறு மொலியும் ஒரு பிரிஸ்டில்நோஸும் போதும்.

மீனால் முடியாதவை

தின்ற பாசி கழிவாகி, அதிலுள்ள நைதரசன் மீண்டும் தண்ணீருக்கே வருகிறது. எனவே மீன் பாதி வேலைதான் செய்யும். விளக்கை ஆறு முதல் எட்டு மணித்தியாலம் மட்டும் எரியவிடுங்கள். வலிஸ்னேரியா போன்ற வேகமாக வளரும், வன்னீரைத் தாங்கும் செடிகளை நெருக்கமாக நடுங்கள்; பாசிக்கு முன் அவை நைத்திரேற்றை எடுத்துக்கொள்ளும். மாரியில் சேர்க்கும் மழைநீரைக் கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி கலந்தால் வன்மையும் நைத்திரேற்றும் ஒன்றாகக் குறையும். தண்ணீரே பச்சையாக மாறும் நிலையையும், வழுவழுப்பாகப் படரும் நீலப்பச்சைப் பாசியையும் இந்த மீன்கள் எதுவும் தீர்க்காது.

வெளியே விடாதீர்கள்

தொட்டிக்குள் அடங்காத மீனைக் குளத்திலோ கிணற்றிலோ விடுவது இரக்கமல்ல. டேங்க் கிளீனர் இன்று இலங்கை நீர்நிலைகளில் ஆக்கிரமிப்பு மீனாகக் கணிக்கப்படுகிறது. கரைகளைக் குடைகிறது, முட்களால் வலைகளைக் கிழிக்கிறது. கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரிடம் ஒப்படையுங்கள்.

தொட்டிக்கு அப்பால்

மீன் கடைகளில் விற்கும் நைத்திரேற்று சோதனைத் தாளைத் தொட்டி நீரில் மட்டுமல்ல, கிணற்று நீரிலும் ஒருமுறை நனைத்துப் பாருங்கள். பாசி பல காரணங்களால் வரலாம். தாள் காட்டும் நிறம் அப்படியல்ல. அளவு கூடுதலாகத் தெரிந்தால் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யுங்கள். முக்கியமாக, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைக்க வேண்டாம். குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை அது குறைத்துவிடும். கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.