தோட்டத்துச் சின்ன வீடும் அதோட ஜன்னலும்

1/ ஓசூர் பக்கம் எங்க குடும்பத் தோட்டத்துல, கிணத்தை ஒட்டி ஒரு ஓட்டு வீடு. ஒரே அறைதான். அதுல யார் யார் இருந்தாங்கன்னு சொன்னாலே இந்த ஊர் வரலாறு தெரிஞ்சிடும்.

2/ முதல்ல ஒரு பண்ணையாள் குடும்பம். தாத்தாகிட்ட வாங்கின கடனுக்கு அப்பனும் மகனும் உழைச்சாங்க. கன்னடத்துல இதை ஜீதம்னு சொல்வாங்க. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தால அந்தக் கடன் செல்லாமப் போச்சு, அவங்களும் கிளம்பிட்டாங்க. அவங்க இருந்தவரை வீட்டுக்கு ஜன்னலே கிடையாது.

3/ அடுத்து குடிவந்தது பட்டுப்புழு. அதுக்கு சுமார் 25 டிகிரி வெப்பம் வேணும், நல்ல காத்தோட்டமும் வேணும். இல்லன்னா நோய் வந்து மொத்தமும் போயிடும். உடனே ரெண்டு பக்கமும் சுவரை உடைச்சு ஜன்னல் வச்சோம்.

4/ சிப்காட்ல அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன்னு கம்பெனிகள் வளர்ந்துச்சு. தோட்டத்துக்கு ஆள் கிடைக்கல. மல்பெரி போய் பசுமைக்குடில் ரோஜா வந்துச்சு. இடையில உர மூட்டை அடுக்க ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சோம். அப்புறம் அதே அறையில ஒடிசா, ஜார்க்கண்ட் பசங்க ஆறு பேர்.

5/ அதுல ஒருத்தருக்கு விடாத இருமல். காசநோய். காத்துல பரவுற நோய். அடைச்ச அறையில கிருமி மணிக்கணக்கா மிதக்கும். ஜன்னலைத் திறந்து வைங்கன்னு தினமும் நோயாளிகள்கிட்ட சொல்றவன் நான்.

6/ ஆறு மாச மருந்துல குணமாயிட்டார். மத்தவங்களுக்கும் பரிசோதனை செஞ்சோம். செங்கல்லையும் எடுத்தாச்சு. புழுவுக்கு உடனே செஞ்சதை மனுஷனுக்குச் செய்ய எங்களுக்கு இவ்வளவு காலம் ஆயிருக்கு.

7/ உங்க தோட்டத்துலயும் இப்படி ஒரு வீடு இருந்தா ஒருதடவை உள்ள போய்ப் பாருங்க. யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. சளிப் பரிசோதனை, மருந்து ரெண்டும் இலவசம்.