சீசன் வருது, வயித்துல புளி கரைக்குது

அக்கா பையன் ஆவடி பக்கம் ஒரு காலேஜ்ல படிக்கிறான். காலேஜ் டீம்ல ஸ்டாப்பர் பேக். ஒவ்வொரு சீசனுக்கும் முன்னாடி அம்பத்தூர்ல எங்க வீட்டுக்கு வந்து திண்ணைல உக்காந்து ஒரே கேள்விதான் கேப்பான். "மாமா, இந்த வருஷமாவது தேறுமா நம்ம டீம்?"

கிரிக்கெட் ஊர்ல புட்பால் பைத்தியமாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். ஆபிசில் 'சென்னையின் எஃப்.சி' என்று சொன்னால், "அதென்னங்க 'யின்', எழுத்துப்பிழையா?" என்கிறார்கள். அதை விடுங்க. அவன் கேள்விக்குப் பதில் சொல்லணும்னா வரலாற்றைத்தான் புரட்டணும். புரட்டினால் பயம் போகாது, அது வேற விஷயம்.

நம்ம ஆளுங்களுக்குப் பந்து புதுசு இல்லை. வெலிங்டனில் இருந்த மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோலை அடித்தவர் நம்ம சைமன் சுந்தர்ராஜ். அதற்கப்புறம் ஒலிம்பிக் புட்பாலில் இந்தியா கோலே அடிக்கவில்லை! இது பெருமையா சோகமா என்று எனக்கு இன்னும் புரிபடவில்லை.

அப்புறம் வந்தது கம்பெனி டீம்களின் காலம். பந்து விளையாடினால் ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை கிடைக்கும். ஆவடியிலிருந்து மூர் மார்க்கெட் போகிற லோக்கலில் ஏறிப் பாருங்கள். வில்லிவாக்கம், பெரம்பூர் லோகோ, கேரேஜ், வியாசர்பாடி ஜீவா என்று வரிசையாக வரும் ஸ்டேஷன்களைச் சுற்றியுள்ள தெருக்களில் எல்லாம் அந்தக் கனவு இருந்தது. 2000களின் தொடக்கத்தில் இந்தியன் பேங்க் அணி தேசிய லீகிலேயே ஆடியது. அந்தக் காலமும் போச்சு.

2014ல் ஐ.எஸ்.எல் வந்தது. முதல் சீசனிலேயே சென்னை பட்டியலில் முதலிடம், எலானோ எட்டு கோல். ஆனால் அரையிறுதியில் கொச்சியில் 3-0 உதை. திரும்பி வந்து நேரு ஸ்டேடியத்தில் 90 நிமிஷத்துக்குள் அந்த மூணையும் திருப்பிக் கொடுத்தோம். கூடுதல் நேரத்தில் 117வது நிமிஷம் கேரளாவின் பியர்சன் ஒரு கோல் போட்டார். முடிஞ்சது கதை. அன்றைக்கு சென்ட்ரலில் இருந்து லோக்கலில் திரும்பிய எங்கள் பெட்டியில் ஒருத்தரும் பேசவில்லை. கொரட்டூர் தாண்டி ஒரு பெரியவர் மட்டும், "பொழப்ப பாருங்கப்பா" என்றார்.

2015ல் பாதி சீசனுக்கு மேல் அடிமட்டத்தில் கிடந்தார்கள். கடைசி நாலு ஆட்டத்தையும் ஜெயித்து உள்ளே வந்தார்கள். அந்த டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊரே வெள்ளத்தில். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைப் புனேயில் நடத்தினார்கள், கொல்கத்தாவை 3-0 என்று ஜெயித்தோம். டிசம்பர் 20, கோவாவில் ஃபைனல். 87வது நிமிஷம் கோவா 2-1 முன்னிலை. நான் டி.வியை ஆஃப் பண்ணப் போயிட்டேன். 90வது நிமிஷம் கோவா கோல்கீப்பர் கட்டிமணி தன் வலையிலேயே போட்டுக்கொண்டார், அடுத்த ரெண்டாவது நிமிஷம் மெண்டோசா. 3-2. வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் ஊறிப்போன வருஷத்தில் நான் சிரித்த ஒரே ராத்திரி அது.

இதற்கப்புறம்தான் வேடிக்கை. 2016ல் எட்டு அணியில் ஏழாவது இடம். 2017-18ல் பெங்களூரை அவர்கள் ஊரிலேயே 3-2 என்று அடித்து சாம்பியன். 2018-19ல் 18 ஆட்டத்தில் ஒன்பதே பாயிண்டு, கடைசி இடம். (அதே சீசனில் சென்னை சிட்டி என்ற இன்னொரு அணி கோயம்புத்தூரில் ஆடி ஐ-லீக்கை ஜெயித்தது, வயித்தெரிச்சல்!) 2019-20ல் நடுவில் கோச் மாறி, திரும்ப ஃபைனல். கொரோனாவால் காலி ஸ்டேடியத்தில் ஏ.டி.கேவிடம் 3-1 தோல்வி.

பார்த்தீங்களா? மோசமான வருஷத்துக்கு அடுத்தது நல்ல வருஷம். இந்தக் கணக்கை வைத்துத்தான் நான் அஞ்சாறு வருஷம் மாப்பிள்ளைக்கு நம்பிக்கை கொடுத்தேன். ஆனால் அதற்கப்புறம் கணக்கும் பொய்த்தது. 2024-25ல் 13 அணியில் பதினோராவது.

சரி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றால், அடுத்த வருஷமே இல்லை என்றார்கள். 2010ல் கூட்டமைப்பு போட்ட வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது, புதுசு போடவில்லை. ஜூலையில் லீகை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் சென்னையின் கிளப்பே செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. டெண்டர் விட்டார்கள், ஒருத்தரும் வரவில்லை.

அந்த மாசங்களில் மாப்பிள்ளை எங்க வீட்டுப் பக்கமே வரல. அக்காதான் போன் பண்ணினாள். "பேங்க் பரிட்சைக்குப் படிக்கச் சொல்லுடா, நீ சொன்னா கேப்பான்." நான் என்ன சொல்ல? சம்பளம் வாங்கிக்கொண்டு ஆடியவர்களுக்கே ஆட்டம் இல்லை எனும்போது, "விடாதேடா"ன்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. "பரிட்சையும் எழுது, பிராக்டிஸும் போ" என்று வழவழா பதில் சொன்னேன். அவன் "ம்" என்றான். அந்த "ம்" ரொம்ப நாள் உறுத்தியது.

கடைசியில் 2026 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 14ல் ஆரம்பம், 14 அணிகள், சுருக்கமான சீசன். அன்றைக்குச் சாயங்காலமே திண்ணையில் ஆள் ஆஜர். கையில் பேங்க் பரிட்சைப் புத்தகம், காலில் ஸ்டட்ஸ்.

"மாமா, இந்த வருஷமாவது..."

முன்னெல்லாம் ஜெயிப்போமா என்று பயந்தேன். இப்போதெல்லாம் ஆட்டம் நடந்தாலே போதும் என்று இருக்கிறது. எதிர்பார்ப்பு இவ்வளவு இறங்கியதுதான் உண்மையான தோல்வி என்று தோணுது. ஒவ்வொரு புது சீசனுக்கும் முன்னாடி வயித்தில் புளி கரைக்கணும். கரைக்கிறது என்றால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

"தேறும்டா" என்றேன். டீமைச் சொன்னேனா அவனைச் சொன்னேனா, எனக்கே தெரியல.

உங்களில் யாராவது நேரு ஸ்டேடியத்தில் அந்த 117வது நிமிஷத்தைப் பார்த்தவங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. சேர்ந்து அழலாம்.