200 கி.மீ. உயரம் போன ராக்கெட் ஏன் விண்வெளியில் நிற்கவில்லை? தும்பா சொல்லித்தரும் இயற்பியல்

திருவனந்தபுரத்தை ஒட்டிய மீனவ கிராமம் தும்பா. 1963 நவம்பர் 21 மாலை, இங்கிருந்து நைக்-அப்பாச்சி என்ற அமெரிக்க ராக்கெட் கிளம்பி, சுமார் 200 கி.மீ. உயரத்தைத் தொட்டது. இந்தியாவின் விண்வெளிப் பயணம் தொடங்கிய நாள் அது.

ஆனால் இந்தியா தன் சொந்த ராக்கெட்டில் ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது 1980 ஜூலை 18-ல்தான். நடுவில் கிட்டத்தட்ட 17 வருஷம். "200 கி.மீ. போயாச்சே, அப்புறம் என்ன கஷ்டம்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். பதில், நீங்கள் பள்ளியில் படித்து மறந்துபோன விசை, ஆற்றல் பாடங்களில் இருக்கிறது.

ராக்கெட் எதைத் தள்ளுகிறது?

தரையையும் இல்லை, காற்றையும் இல்லை. எரிபொருள் எரிந்து வரும் வாயுவை ராக்கெட் பின்னால் தள்ளுகிறது. வாயு ராக்கெட்டை முன்னால் தள்ளுகிறது. படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்வாங்கும் இல்லையா, அதே நியூட்டனின் மூன்றாம் விதிதான். அதனால்தான் காற்றே இல்லாத இடத்திலும் ராக்கெட் வேலை செய்கிறது.

உயரம் வேறு, சுற்றுப்பாதை வேறு

இன்ஜின் அணைந்த பிறகு ராக்கெட், மேலே எறிந்த கல் மாதிரிதான். இயக்க ஆற்றல் கொஞ்சம் கொஞ்சமாக நிலை ஆற்றலாக மாறும், வேகம் குறையும், பிறகு கீழே வரும். 'மேலே ஈர்ப்பு விசை கிடையாது' என்பது பலரும் நம்பும் தப்பு. 200 கி.மீ. உயரத்திலும் தரையில் இருப்பதில் சுமார் 94% ஈர்ப்பு இருக்கிறது.

அப்போ செயற்கைக்கோள் ஏன் விழவில்லை? அதுவும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் ஓடுவதால், அது விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிப் போகிறது. அவ்ளோதான் விஷயம்.

கரன்ட் பில் கணக்கில் பார்ப்போம்

1 கிலோ பொருளை 200 கி.மீ. உயரத்துக்குத் தூக்க, காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தேவைப்படும் ஆற்றல் அரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். 1000 வாட் அயர்ன் பாக்ஸ் அரை மணி நேரம் ஓடும் அளவு. அதே 1 கிலோவுக்கு 7.8 கி.மீ. வேகம் கொடுக்க? சுமார் 8.4 யூனிட்! வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காவதுதான் காரணம்.

இதில் இன்னொரு சிக்கல்: எரிபொருளையும் ராக்கெட்டே சுமக்க வேண்டும். 1980-ல் பறந்த எஸ்.எல்.வி-3 நான்கு அடுக்குகளும் 17 டன் எடையும் கொண்டது. அது சுமந்த ரோகிணி செயற்கைக்கோளின் எடை வெறும் 35 கிலோ. அந்த வேகத்தைச் சரியான திசையில் கொடுக்க வழிகாட்டும் தொழில்நுட்பமும் வேண்டும். 17 வருஷம் போனது இதற்காகத்தான்.

அப்படியென்றால் தும்பா எதற்கு?

பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகில் போகிறது. அதன் மேலே சுமார் 100 முதல் 110 கி.மீ. உயரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. பலூன் அந்த உயரத்துக்குப் போகாது. செயற்கைக்கோள் அங்கே காற்றின் உராய்வில் நிலைக்காது. மேலே போய் அளந்துவிட்டுக் கீழே விழும் ராக்கெட்தான் ஒரே வழி. அதாவது, விழுவது இங்கே தோல்வி இல்லை. ஆர்.எச்-200 ரகச் சிறிய ராக்கெட், 2022 நவம்பரில் தொடர்ச்சியாக 200-வது முறை வெற்றிகரமாகப் பறந்ததும் இங்கிருந்துதான்.

பெரிய ராக்கெட்டுகள் ஏன் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து?

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. கிழக்கே ஏவினால் நொடிக்கு சுமார் 0.45 கி.மீ. வேகம் இலவசம். தும்பாவின் கடல் மேற்கே இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவின் கடல் கிழக்கே. ஆனால் தெற்கே, துருவப் பாதைக்கு ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டியிருப்பதால் எரிபொருள் வீணாகிறது. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் அமைப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அடுத்த முறை ஒரு ராக்கெட் செய்தியைப் படிக்கும்போது, எவ்வளவு உயரம் போனது என்பதோடு நிறுத்தாதீங்க. எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் என்றும் பாருங்க. அது திரும்பி விழுமா, சுற்றிக்கொண்டே இருக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.